காவாந்தண்டலத்துக் கடல் எச்சரிக்கை

காவாந்தண்டலத்திலிருந்து கடலைப் பார்க்கப் போக வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். வேதகிரி தன் ஐம்பத்தாறு வயதில் நாலு தடவை போயிருக்கிறார். நாலு தடவையும் மாமல்லபுரம்தான், முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனாலும் வங்கக் கடலில் அவருக்குத் தெரியாமல் ஓர் அலை எழும்பிவிட முடியாது.

பல் துலக்குவதற்கு முன்பே செல்போனில் காற்று வரைபடத்தைத் திறந்துவிடுவார். அந்தமானில் அலை எத்தனை மீட்டர், மன்னார் வளைகுடாவில் காற்று என்ன வேகம், கடல் எத்தனை டிகிரி சூடு என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘மீனவர்கள் ஆழ்கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று முடிப்பார். குழுவில் மீன் பிடிக்கிறவர் என்று பார்த்தால், ஏரியில் வலை போடும் காசி ஒருவர்தான். அவர் ஒருநாள் நேரிலேயே வந்து, இது ஏரிக்கும் பொருந்துமா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார். அது கிண்டல் என்பது வேதகிரிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

போன வருஷம் ஒரு புயல் இவர் சொன்ன நாளில், சொன்ன மணியில் கரையேறித் தொலைத்தது. அன்றிலிருந்து டீக்கடை பெஞ்சில் இவருக்கென்று இடம் விட்டார்கள். ஒரு மனுஷனைக் கெடுக்க அது போதாதா?

ஆவணி மாதம். சொர்ணவாரிப் போகத்து நெல் மூன்று ஏக்கரும் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வருஷத்துச் சாப்பாடு, அடுத்த போகத்துக்கு விதை, மகள் கீர்த்தியின் காலேஜ் எல்லாம் அதில்தான். ஊருக்கு வந்திருந்த அறுப்பு மிஷின் முறைப்படி வியாழக்கிழமை இவர் வயலில் இறங்க வேண்டும். அன்று காலை வேதகிரி வரைபடத்தைப் பார்த்தார். வடமேற்கு வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி, ஒடிசா பக்கம் நகர்கிறது. ஈரமெல்லாம் அங்கே போய்விடும், நமக்கு நாலு நாள் சுள்ளென்று வெயில். நெல் நின்றபடியே காய்ந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ரோட்டில் கொட்டிக் காயவைக்கும் வேலையும் மிச்சம்.

மனைவி சுலோச்சனாவுக்கு இது பிடிக்கவில்லை.

“வயலாண்ட மிஷின் வந்து நின்னுகினு கீது. அறுத்துட்டுப் போவட்டும். காயவெக்கிறது நம்ம கையில கீது.”

“உனுக்கு இன்னா தெரியும்? சிஸ்டம் ஒடிசாவுக்குப் போய்க்கினு கீது.”

தன் முறையைப் பக்கத்து வயல் ஏகாம்பரத்துக்கு விட்டுக்கொடுத்தார். ஏகாம்பரத்துக்கு வானிலையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. மிஷின் வந்தது, அறுத்தார். மிஷின் மாகறலுக்குக் கிளம்பியது. திங்கட்கிழமை திரும்பி வருவதாக டிரைவர் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளியும் சனியும் வெயில் கொளுத்தியது. வேதகிரிக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டில் நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தை, அவசரக்குடுக்கை என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. கடல் என்னவோ வேதகிரி சொன்னபடியே நடந்துகொண்டது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தாழ்வுப் பகுதி ஒடிசாவில் கரையேறியது. சென்னைக் கரையோரம் அலை ஒரு மீட்டர்கூட இல்லை. அதைக் குழுவில் தட்டிக்கொண்டு அவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தபோது, முதுகுப் பக்கம், செய்யாற்றுக்கு அந்தாண்டை, கருகருவென்று மேகம் கூடியது. ஆவணியில் பகலெல்லாம் காய்ந்தால் சாயங்காலம் மேற்கே இப்படிக் கட்டுவது ஊரில் எல்லாருக்கும் தெரியும். செல்போன் வாங்குவதற்கு முன்னால் வேதகிரிக்கும் தெரிந்திருந்தது. முக்கால் மணி நேரம் காற்றும் மழையுமாகப் போட்டு அடித்தது.

விட்டதும் வயலுக்கு ஓடினார். மூன்று ஏக்கரும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. கதிரெல்லாம் தண்ணீரில். இந்தச் சேற்றில் திங்கட்கிழமை என்ன, அடுத்த திங்கட்கிழமைகூட மிஷின் இறங்காது. ஆள் விட்டு அறுத்தால் பாதி தேறினாலே பெரிசு. அப்படியே ஈர வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சுலோச்சனா பின்னாலேயே வந்தாள். நாளைக்கு அறுப்புக்கு எத்தனை பேர் வர முடியும் என்று காசியின் மனைவி, அறுப்புக்கு ஆள் கூட்டி வரும் வள்ளியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். குனிந்து ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தாள். அது மறுபடி தண்ணீரில் சாய்ந்தது.

“கடல்ல யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?” என்று கேட்டாள்.

வேதகிரி பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் பார்த்தார்.

“இல்ல,” என்றார். “எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க.”