முதுகு காட்டியவன்

ஆர்த்தி பால் விடாத கட்டன்சாயா கிளாஸை எப்போதும் சுருளிவேலின் வலது கைப்பக்கம்தான் வைப்பாள். இடது பக்கம் வைத்தால் தட்டிவிடுவான். தட்டிவிட்டால், கிளாஸ் வழுக்கிவிட்டது என்று இவளே சத்தமாகச் சொல்லவும் வேண்டும். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, சுவரோடு சுவர் ஒட்டிய அந்த எஸ்டேட் லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷனுக்கு இடது கண் தெரியாது என்பதை இரண்டு வருஷமாக மூடி வைத்திருக்கிறார்கள் என்றால், புருஷனும் பெண்டாட்டியும் லேசுப்பட்டவர்களா? கடைவீதிக்குப் போனால் அவள் அவனுக்கு இடப்பக்கமாகவே நடப்பாள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால், "முனீஸு அண்ணே, நல்லாருக்கீகளா?" என்று இவள் முந்திக்கொண்டு பேர் சொல்லிக் கேட்பாள். அவன் உடனே அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பான். ஊருக்கு அவள் வாயாடி, அவ்வளவுதான்.

அந்தக் கண் போன கதை ஊருக்கு வேறு மாதிரித் தெரியும். சுருளிவேல் மாநில அளவில் இரண்டு முறை குத்துச்சண்டைப் பட்டம் வாங்கியவன். முதல் முறை ஜெயித்து வந்தபோது குமுளியிலிருந்தே ஜீப்பில் நிற்க வைத்துக் கூட்டி வந்தார்கள். பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் முனீஸ்வரன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றான். ஆளுயர பிளெக்ஸ் என்ன, பேஸ்புக்கில் ரசிகர் பக்கம் என்ன, 'பெரியாற்று வேங்கை' என்ற பட்டம் என்ன! மூன்றாவது முறை கொல்லத்தில் இறுதிச் சண்டை. இரண்டாவது சுற்றில் எதிராளி பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை. சுருளி திடீரென்று இரண்டு கைகளையும் இறக்கினான், திரும்பினான், முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றுவிட்டான். நடுவர் சண்டையை நிறுத்தினார். வீடியோவில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் பயந்த கோழி கொக்கரிக்கிற சத்தம் சேர்த்து, அதே ரசிகர் பக்கத்தில் போட்டதும் முனீஸ்வரன்தான். சொந்தக்காரன் செத்தால்கூட அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

முந்தின நாள் சண்டையிலேயே கண்ணில் நல்ல குத்து விழுந்திருந்தது. இறுதிச் சண்டையில் இடப்பக்கம் மேலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்கியது என்று அவன் ஆர்த்தியிடம் மட்டும் சொன்னான். ஊருக்கு வந்தும் புகை புகையாகத் தெரிகிறது என்றான். லயத்தில் கண்ணில் எது விழுந்தாலும் ஒரே வைத்தியம்தான், ஆறின கட்டன்சாயாவை விட்டுக் கழுவுவது. தேயிலைத்தூசி ஆகட்டும், மருந்தடிக்கிற சாரல் ஆகட்டும், அதிலேயே சரியாகிவிடும். ஆர்த்தியும் காலை மாலை அவன் தலையை மடியில் சாய்த்துக் கழுவிக் கழுவி விட்டாள். பாவி மகள், இருந்த நல்ல நாளையெல்லாம் அதில் போக்கினாள். கடைசியில் தேனியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உள்ளே ஜவ்வு கிழிந்து பிரிந்துவிட்டது, முதல் வாரமே வந்திருந்தால் ஒட்டியிருக்கலாம் என்றார் டாக்டர். வலது கண்ணிலும் அதே ஜவ்வு இளைத்துத்தான் இருக்கிறது, இனி முகத்தில் ஒரு குத்து வாங்கினால் அதுவும் போகும் என்றார். திரும்பி வரும்போது பஸ் குமுளி ஏறிய பிறகுதான் ஆர்த்தி வாயைத் திறந்தாள்.

"ஊர்ல சொல்லிருவோம் மாமா. பயந்து ஓடலன்னாவது தெரியட்டும்" என்று அவள் அழுதாள்.

"பயந்தவனுக்குக்கூட ஓட்ட வண்டி குடுப்பாக. கண்ணு போனவனுக்கு எவன்டி குடுப்பான்?" என்றான் அவன்.

விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை என்ற பேச்சு அந்தத் தோல்வியோடு நின்றுபோயிருந்தது. வாடகைக்கு வண்டி விடுகிற மலையாளி வர்கீஸ் முதலாளியின் ஜீப்பை ஓட்டுவதுதான் மிச்சம். காலையும் மாலையும் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வருகிற வண்டி. சுருளி நிதானமாகத்தான் ஓட்டினான், கழுத்தைத் திருப்பித் திருப்பி. ஆனாலும் பனிமஞ்சு இறங்கின காலைகளில் ஆர்த்தி ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொழுந்து கிள்ளுகிற இடத்திலிருந்து கீழே வளைவு தெரியும். ஜீப் அந்த வளைவைத் தாண்டும்வரை அவள் கை ஓடாது. சூப்பர்வைசர் வந்து திட்டுவார். பக்கத்து வீட்டு ராமலட்சுமியின் பிள்ளைகள் இரண்டும் அந்த வண்டியில்தான் போகின்றன. ராமலட்சுமி குழம்பு கொடுத்தனுப்பும்போதெல்லாம் ஆர்த்தி அதைத் தொடாமலே மூடி வைத்துவிடுவாள்.

பஜாரில் சுருளிவேலைப் பற்றிப் பேச்சு வந்தால் மிக்கேல்ராஜ் பேரும் கூடவே வரும். மிக்கேல்ராஜ் இவனுக்கு முந்தின தலைமுறைக்காரன், அதே லயம். ஒரே சண்டையில் எத்தனையோ தடவை கீழே விழுந்தும், ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றவன். அந்த ஒரு சண்டையை வைத்துத்தான் இன்றைக்கும் அவனுக்கு மாலை. "மிக்கேல்ராஜ் எந்திரிச்சான், சுருளி திரும்புனான்" என்று சாயாக்கடையில் பாட்டு மாதிரிச் சொல்வார்கள். எந்திரித்த மிக்கேல்ராஜுக்கு இப்போது சட்டைப் பட்டனைத் தானாகப் போடத் தெரியாது. அம்மா மதலேனம்மாள் ஊட்டினால்தான் சோறு. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். திருவிழாவுக்குத் திருவிழா அவனை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போட்டுப் படம் எடுப்பார்கள். மறுநாளிலிருந்து மறுபடியும் மதலேனம்மாள் பாடு.

இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கண்காட்சிச் சண்டை வைக்கிறோம் என்று முனீஸ்வரன் லயத்துக்கே வந்தான். கட்டப்பனையிலிருந்து ஒரு இளவட்டம், இப்போதைய பட்டக்காரன். எதிரில் சுருளி.

"அண்ணே, நான் போட்ட வீடியோவ நானே அழிக்கிறேன். ஒரே ஒரு தடவ ஏறி நில்லுங்க. தோத்தாக்கூடப் பரவால்ல, நேரா நின்னு தோத்துருங்க. ஊரு மறந்துரும்" என்றான். கிண்டல் இல்லை, நெஞ்சிலிருந்துதான் சொன்னான். அதுதான் வினையாகப் போயிற்று. கிண்டலாக இருந்திருந்தால் சுருளி எழுந்து போயிருப்பான்.

"வர்றேன்" என்றான்.

அன்றைக்கு ஆர்த்தி அவனிடம் சண்டை போட்டாள், கெஞ்சினாள், சோறு தின்னாமல் கிடந்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

"முகத்த மூடித்தான் வெளயாடுவேன். பையன்கிட்ட முன்னக்கூட்டியே சொல்லிருவேன்."

"என்னன்னு சொல்லுவீக? கண்ணு தெரியாது, பாத்து அடின்னா?"

அவன் பழைய கை உறைகளை எடுத்துத் தூசி தட்டினான்.

திருவிழா அன்று பிற்பகலில் எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டர் கிரவுண்டில் நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மிக்கேல்ராஜைக் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மதலேனம்மாள் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுருளி ஏறியபோது முதலில் கோழிச் சத்தம்தான் எழுந்தது. பிறகு முனீஸ்வரன் ஆட்களோடு கைதட்டத் தொடங்கினான். அந்தக் கைதட்டலில் சுருளியின் முதுகு நிமிர்ந்ததை ஆர்த்தி பார்த்தாள். அட, எத்தனை நாள் ஆயிற்று அந்த முதுகைப் பார்த்து! ஒரு நிமிஷம் அவளுக்கே, நடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. கட்டப்பனைப் பையன் கை உறையை முட்டி உறுமினான். அவன் பாட்டுக்கு ஊர் பார்க்க அடிப்பான், அவனுக்கு என்ன தெரியும்? மணி அடிக்கப் போனார்கள். ஆர்த்தியின் கண் மிக்கேல்ராஜ் மடியில் சொட்டிய எச்சிலில் போய் நின்றது.

அவள் எப்படி மேடை ஓரத்துக்குப் போனாள், அறிவிப்பாளர் கையிலிருந்து எப்படி மைக்கைப் பிடுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க! அவருக்கு எடது கண்ணு தெரியாது. கொல்லத்துலயே போயிருச்சு. அதான் அன்னைக்குத் திரும்புனாரு. பயந்து இல்ல. அடிச்சா இன்னொரு கண்ணும் போயிரும், சாமி சத்தியமா!"

பின்னாலிருந்து ஒருவன், "முதுகுக்குப் பதிலா இந்தத் தடவ பொண்டாட்டியக் காட்டுறான்டா!" என்று கத்தினான். அவ்வளவுதான், கிரவுண்டே சிரிப்பில் கவிழ்ந்தது. கோழிச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "கண்ணு தெரியாதவன் எப்பிடிறா தெனமும் ஜீப் ஓட்டுறான்?" என்றான் இன்னொருவன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. முனீஸ்வரன் சிரிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு எழுந்து போனான். சுருளி கை உறைகளோடு கயிற்றுக்குள் நின்று அவளையே பார்த்தான். அவளை வெட்டிப்போட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அத்தனை கூட்டத்தில் அவள் சொன்னதை நம்பியவர் ஒரே ஒருத்தர். மறுநாள் காலை, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்காக நிற்கும்போது வர்கீஸ் முதலாளி லயத்துக்கு வந்தார்.

"ஆர்த்தி, நேத்து மைக்குல பறஞ்சது சத்தியமா?"

"பொய் முதலாளி. சண்டைய நிறுத்தறதுக்கு இவ சொன்ன பொய்" என்றான் சுருளி. சாவியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"நான் உன்கிட்ட கேக்கல்ல. அவ சொல்லட்டே. பொய்யின்னா பொய்யின்னு சொல்லு மோளே, நான் இப்பவே போயிடும். பிள்ளைகளக் கொண்டு போற வண்டியல்லே."

சுருளி அவளைப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறாள், கிளாஸ் வழுக்கியது, தூசி விழுந்தது என்று. இன்னும் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். வாயில் வந்தும் விட்டது. ராமலட்சுமியின் சின்னது ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்த மஞ்சில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி சாவிக்குக் கையை நீட்டினார். பிள்ளைகளை அன்றைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

"நீ என் கண்ணையும் கழுவித் தொலச்ச, சோத்தையும் தொலச்ச" என்றான் சுருளி. ராமலட்சுமி விஷயம் புரிந்த அன்றே குழம்பு கொடுப்பதை நிறுத்தினாள், தண்ணீர்ப் பைப்பில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பினாள். நியாயம்தான், என்ன சொல்ல முடியும்? பஜாரில் மட்டும் ஒருவரும் நம்பவில்லை. ஜீப் போனதற்கும் அவர்களிடம் கதை இருந்தது. கோழைக்கு எதற்கு வண்டி என்று முதலாளியே பிடுங்கிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க இறங்கினார்கள். அவள் வழக்கம்போல இடப்பக்கம் வந்தாள். அவன் வேகமாக முன்னால் நடந்து போனான். அவள் பையோடு பின்தங்கினாள். மொபைல் கடை வாசலில் முனீஸ்வரனும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். சுருளி அவர்களைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றான். கடை அவனுக்கு இடப்பக்கம். முனீஸ்வரன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தான். பயந்து குனிகிறானா பார்க்கலாம் என்று சத்தமில்லாமல் படியிறங்கி, கையை ஓங்கினான்.

ஆர்த்தி "முனீஸு அண்ணே" என்று கத்த வாயைத் திறந்தாள். பஸ் ஹாரன் அதை விழுங்கியது.

குத்து பாய்ந்து வந்து, கன்னத்துக்கு ஒட்டினாற்போல நின்றது. சுருளி இமைக்கவில்லை. தலையை ஒரு நூல்கூட அசைக்கவில்லை. கடை வாசலிலிருந்து விசில் பறந்தது.

"அடேங்கப்பா! பாத்தியாடா, செமை நெஞ்சழுத்தம்! மனுஷன் அசையலையே!"

"இவனாடா பயந்தவன்? பொண்டாட்டிதான்டா கெடுத்துட்டா!"

"அண்ணே, அடுத்த வருசம் நீங்கதாண்ணே!" என்றான் ஒருவன். யாரோ மொபைலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

எதற்கு இந்த விசில் என்று சுருளிக்குத் தெரியவில்லை என்பது ஆர்த்திக்கு மட்டும் தெரிந்தது. தனக்குத்தான் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக முதுகு நிமிர்ந்தது. திருவிழாவுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான். விசிலடிக்கிறவர்களைத் தேடி, பஸ் இரைச்சலில் திசை தெரியாமல், வலப்பக்கம் தெருவெல்லாம் பார்த்தான். முனீஸ்வரனின் கை அவன் இடது கன்னத்தருகில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.