பசைக்கு ஒரு சிபாரிசு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை இலக்கியத்துக்காக எழுதவில்லை, என் மனைவியின் மனசைக் கரைக்க எழுதுகிறேன். நாளை காலை மச்சான் கூடையோடு வந்து எங்கள் பூனையைக் கொண்டுபோகப் போகிறார். அவருடைய கிடங்கில் எலித் தொல்லை. அதற்குள் கதை முடிந்து, அவள் படித்து, மனசு மாற வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்பு என்பது ஒரு..."

சீ, வேண்டாம். அது என்னவென்று தெரிந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்!

2

பூனையின் பெயர் பசை. ஒட்டினால் விடாது. குளியலறைக்குப் போனால் கதவின் அடியில் கையை விட்டுத் துழாவும். செய்தித்தாளை விரித்தால், நமக்கு எந்தச் செய்தி வேண்டுமோ சரியாக அதன்மேல் படுக்கும். இந்தப் பத்தியை எழுதும்போதுகூட

ககககககககக

(இது நான் அடித்ததல்ல. அழிக்க மனசு வரவில்லை.)

மனைவி ஒலிப்புத்தகம் வாசிப்பவள். துணி அலமாரிதான் அவளுடைய பதிவு அறை. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் உள்ளே முக்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பாள். வெளியே பசை ஊரைக் கூட்டும். பதிப்பகத்துக்காரர் மூன்று அத்தியாயங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "கதாநாயகன் சாகிற இடத்துல பின்னாடி மியாவ்ங்குதேம்மா! இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்குவோம்."

அன்றைக்குத்தான் மனைவி சொன்னாள்: "ரெண்டு வாரம் பாக்கறேன். திருந்தலேன்னா அண்ணன் வீட்டுக்கு."

3

இதுவரை எழுதியதை மனைவி படித்துவிட்டாள்.

"என்னை ஏன் இப்படிக் கல்நெஞ்சக்காரியா எழுதியிருக்கீங்க? பூனைக்குப் பதிலா உங்களைக் கூடையில அனுப்பிருவேன்!"

நியாயம்தான். அந்தப் பாத்திரம் எனக்கே ஒட்டவில்லை. ஆனால் எப்படித் திருத்துவது என்றும் தெரியவில்லை. இந்தப் பகுதியை மட்டும் அவளுக்குக் காட்டப் போவதில்லை. இதில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது.

பூனை டாக்டர் சொன்னது இது: "கத்தும்போது திரும்பியே பாக்காதீங்க. பத்து நிமிஷம் கத்தினப்புறம் கொஞ்சினீங்கன்னா, பத்து நிமிஷம் கத்தினா காரியம் நடக்கும்னு படிச்சுக்கும். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், எல்லாம் நேரத்துக்கு. முக்கியமா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கணும்."

நான் மூன்றாம் நாளே தோற்றேன். மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் அது காலைச் சுற்றி அழும். குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் தூக்கிப்போய்க் கழுத்தைச் சொறிவேன்.* இப்படிச் செய்தால் பூனை எங்கே திருந்தும்? அது வீட்டை விட்டுப் போவது என்னால்தான்.

* இத்தனை நாளாக ஒழுகும் குழாயைப் பற்றி மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

4

அவள் பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிழை குறிப்பது என் சனிக்கிழமை வேலை. இன்று ஒன்பதாம் அத்தியாயம். ஒரு மியாவ்கூட இல்லை. அடடா, திருந்திவிட்டதா! பத்தி மாறும் இடத்தில் மெல்லிதாக ஒரு குர்ர்ர். அப்புறம், வெட்ட மறந்துபோன அவள் குரல்:

"மடியிலேயே படுத்துக்கடி என் தங்கம். அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிரும்."

நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஏனோ கண் கலங்கியது.

முடிவு ஒன்று: அவளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறேன். பூனை தங்கும். அவள் மானம்?

முடிவு இரண்டு: அந்தத் துண்டை வெட்டிவிட்டு வாய்மூடி இருக்கிறேன். மச்சான் கூடையோடு போகிறார். திங்கட்கிழமை அலமாரிக்குள் அவள் வெறும் மடியோடு

இல்லை, இதை என்னால் எழுதி முடிக்க முடியாது.

5

ஞாயிறு காலை. அழைப்புமணி அடிக்கிறது.

"ஏங்க, அண்ணன் வந்துட்டார் போல. திறங்க."

"மடியில பூனை தூங்குது. நீ திற."

"நான் குளிச்சிட்டிருக்கேன்."

குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் சத்தமில்லை.

மறுபடியும் மணி. அவளும் வரப்போவதில்லை, நானும் எழப்போவதில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருப்பது இதைப் படிக்கும் நீங்கள்தான். கொஞ்சம் திறந்துவிடுங்களேன். மச்சான் நல்ல மனிதர், சொன்னால் புரிந்துகொள்வார். என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. மெதுவாக மட்டும் பேசுங்கள், இது இப்போதுதான் கண்ணயர்ந்தது.