இருபத்தாறு ஞாயிறுகள்

தையற்காரருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டாயிரத்து அறுநூறு. போன் வாங்க அவர் கொடுத்த பணம். வாராவாரம் அவருடைய ஆஸ்பத்திரிப் படிவத்தையும் நான் நிரப்பிக் கொடுத்தால், வாரத்துக்கு நூறு கழித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

வாய்ப் புற்றுநோய் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் நாங்கள். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னார்: "இனிமே மாசாமாசம் வர வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும். வாரம் ஒரு தடவை போன்ல கேள்விக்குப் பதில் போடுங்க. ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்." என் ஒரே போனில் இருவர் பெயரையும் ஏற்றிக் கொடுத்தார். தையற்காரருக்கு எழுத்துத் தெரியாது. நான் நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டியவன். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவருக்குத்தான் பிடிக்கவில்லை. "துணி நல்லதா மட்டமான்னு விரலால தொட்டாத்தான் எனக்குத் தெரியும். டாக்டரும் அப்படித்தான் கழுத்தைத் தடவிப் பார்த்தாரு. இந்தப் போன் கண்ணாடிக்கு என்ன தெரியும்?"

"அண்ணே, அங்க போனா எனக்கு ஒரு நாள் கூலி போகுது."

"சரி வாத்தியாரே, படி."

ஞாயிறு மதியம் அவர் கடைக்குப் போவேன். வெட்டுப் பலகைமேல் கிடக்கும் துண்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டுப் போனை வைப்போம். பதினொரு கேள்விகள். விழுங்கச் சிரமமா? வாயில் புண்ணா? கழுத்தில் புதிதாக வீக்கமா? ஆம் அல்லது இல்லை.

நான்காவது வாரம், நாக்கு வறண்டது என்று எனக்கு ஒரு 'ஆம்' போட்டேன். மறுநாளே கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தால், கிடங்கில் என் இடத்தில் வேறொருவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பத்து நாள் வேலையில்லை. கிடங்கு வாசலில் மேஸ்திரி தினமும் கேட்பார்: "இடுப்பு வலி இருக்கா? மூச்சு வாங்குதா?" இருக்கிறது என்றவனை அவர் உள்ளே விட்டதில்லை. முப்பது வருடமாக 'இல்லை' சொல்லியே சோறு தின்றவன் நான். அதன் பிறகு படிவத்துக்கும் அதே பதில்தான் போட்டேன். எனக்கும், அவருக்கும்.

பத்தொன்பதாவது ஞாயிறு அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தம்பி, காலர் பட்டன் போட முடியல. நானே அளவெடுத்துத் தெச்ச சட்டை. ஒரு விரல் இறுக்குது."

"அண்ணி கைச் சாப்பாடு அப்படி. கழுத்து பெருத்துடுச்சு, வேற என்ன?"

சிரித்தார். "அப்ப என்ன போடுவே?"

"இல்லைன்னுதான். ஆம்னா நாளைக்கே வரச் சொல்லிச் சும்மா திருப்பி அனுப்புவாங்க. நாலு பேர் துணி நிக்குதுன்னீங்களே?"

"நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா?"

அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த மிதப்பிலேயே 'இல்லை'யில் விரலை வைத்தேன்.

இருபத்தாறாவது படிவம் போட்ட மறுநாள் இருவருக்கும் பரிசோதனை. என்னைப் பார்த்து முடித்த டாக்டர், அவர் கழுத்தில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"எப்போலருந்து இருக்கு இது? வாராவாரம் இல்லைன்னே வந்திருக்கே?"

"நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் டாக்டர்" என்றார் தையற்காரர்.

கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டேன்.

கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, இனி வெட்டி எடுக்க முடியாது, முன்பே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து வார்டுக்குப் போனேன். அண்ணி பாத்திரம் கழுவப் போயிருந்தார். எண்ணூறு ரூபாயைத் தையற்காரர் கட்டிலில் வைத்தேன்.

"என்ன இது?"

"பத்தொன்பதாவது வாரத்துலருந்து எட்டு வாரக் காசு. அதெல்லாம் கழிக்கக் கூடாதுண்ணே. நான் ஒழுங்காப் போடல."

நோட்டுகளை விரலால் என் பக்கம் தள்ளினார். "இருபத்தாறு ஞாயிறும் வந்தே. கணக்கு முடிஞ்சுது."

"அண்ணே, அன்னைக்கு நான்..."

"முடிஞ்சுதுன்னு சொன்னேன்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.