கறுப்பு உடுத்திய பாட்டுக்காரி

"ஒரு வருஷம் கறுப்புதான். கூட்டத்துல நிக்கக் கூடாது. பாட்டுப் பேச்சே எடுக்காதே." நாத்தனார் ஸோத்வா கறுப்பு அங்கியையும் முக்காட்டுத் துணியையும் நொமுசாவின் மடியில் போட்டாள்.

புருஷன் மண்ட்லாவைப் புதைத்த மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. சொந்த ஊரான புலவாயோவின் குடியிருப்புத் தெருக்களில் முழங்கிய இசையை டொரொன்டோவுக்குக் கொண்டுவந்தது புருஷனும் பெண்டாட்டியும்தான். அவன் சாக்ஸபோன் வாசிப்பான். பாட்டுக் கட்டுவதும் பாடுவதும் இவள். இப்போது அந்தச் சாக்ஸபோன் அவன் தம்பி வூசியின் தோளில் தொங்கியது.

"அப்போ சனிக்கிழமைக் கச்சேரி?"

"நடக்கும் அண்ணி. குழுவுல புதுசா சேர்ந்த லிண்டிவே பாடுவா," என்றான் வூசி.

"என் பாட்டையா?"

"அண்ணன் குழுவோட பாட்டு. நீங்களும் வாங்க, மேடை ஓரமா நாற்காலி போடறேன். நினைவுக் கச்சேரின்னுதான் டிக்கெட் வித்திருக்கு. ஜனங்க உங்களைப் பாக்கணும்ல."

"கூட்டத்துல நிக்கக் கூடாது, மேடையில உக்காரலாம். இதுவும் நம்ம வழக்கமா அக்கா?"

ஸோத்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரில் தன் புருஷன் இறந்தபோது அவளும் இதே கறுப்பில் ஒரு வருஷம் கிடந்தவள்.

வீடு வூசியுடையது, நொமுசாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. சனிக்கிழமை கச்சேரிக்குப் போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. வூசி அவளைச் சுட்டிக்காட்டியதும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பாட்டு வந்தது. தாய் இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல் நொமுசா கட்டிய பாட்டு. விவரம் தெரியாத லிண்டிவே அதைச் சிரித்துக்கொண்டே துள்ளலாகப் பாடினாள். கூட்டம் கைதட்டி ஆடத் தொடங்கியது.

நொமுசா நாற்காலியை விட்டு எழுந்தாள். டிரம்ஸ் வாசித்த குலெகானி அவளைப் பார்த்துத் தாளத்தைத் தணித்தான். லிண்டிவே மைக்கைக் கொடுத்தாள்.

"உக்காருங்க," என்றான் வூசி பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் குரல் முதலில் உடைந்தது. பிறகு, தாய்க்கு அழுததும் மண்ட்லாவுக்கு அழாததும் சேர்ந்து வந்தது. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள்.

கச்சேரி முடிந்ததும் ஒருவர் வூசியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கறுப்போடயே பாட வெச்சீங்க பாருங்க, நல்ல யோசனை." வூசி சிரித்துத் தலையாட்டினான்.

"அண்ணி, அடுத்த வாரம் ஒட்டாவாவுல கச்சேரி. இதே கறுப்புல பாடிடுங்க. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

நொமுசா முக்காட்டை அவிழ்த்து அவன் கையில் திணித்தாள்.

"கறுப்புதானே வேணும். அந்த நாற்காலி மேல போட்டு ஜனங்களுக்குக் காட்டு."

இனி அந்த வீட்டுக்குப் போக முடியாது. வெளியே பனி கொட்டியது. மண்டப வாசலில், கச்சேரி கேட்க வந்திருந்த ஸோத்வா நின்றிருந்தாள். வழிமறிப்பாள் என்றுதான் நொமுசா நினைத்தாள்.

ஸோத்வா தன் கம்பளி மேலங்கியைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.