நெடுந்தீவுக்கு இரண்டு அமத்தல்

சண்டை ஓய்ந்திருந்த 2003ஆம் ஆண்டில் ஒரு தொண்டு நிறுவனம் தீவுப் படகுச் சேவைக்குக் கையில் வைத்துப் பேசும் வோக்கி செற் மூன்று கொடுத்தது. குறிகட்டுவான் துறையில் மேரிசுகந்தி பொறுப்பு. நயினாதீவில் அரியநாயகம், நெடுந்தீவில் பஸ்ரியாம்பிள்ளை. படகு நேரம் மாறினால் அவள் அறிவிப்பாள். மற்ற இருவரும் கேட்டதாகப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பதில்தான் பற்றரியைத் தின்றது. அரியநாயகம் முதலில் வணக்கம் சொல்வார். பிறகு சுகம் கேட்பார், கோயில் விசேஷம் சொல்வார். நேரத்துக்கு வருவதற்குள் செற் செத்துவிடும்.

மேரிசுகந்தி ஒரு வழி கண்டாள்.

"இனி ஒருத்தரும் கதைக்க வேண்டாம். கேட்டால் பொத்தானை அமத்துங்கோ. நயினாதீவு ஒருக்கால், நெடுந்தீவு ரெண்டுதரம். எனக்கு இங்க 'டிக்' எண்டு கேக்கும்."

"அப்ப சுகம் விசாரிக்கிறது எப்பிடி, பிள்ளை?" என்றார் அரியநாயகம்.

"விசாரிக்க வேண்டாம், ஐயா."

பற்றரி ஒரு வாரம் தாங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை நெடுந்தீவிலிருந்து றெக்ஷன் வீட்டார் அவளைப் பெண்பார்க்க வருவதாக இருந்தது. ஏற்கெனவே கடல் ஒருமுறை மறித்தது, செத்தவீடு ஒருமுறை மறித்தது. மூன்றாந்தரமும் தடங்கினால் கடவுளுக்கு விருப்பமில்லை என்று விட்டுவிடுவதாக மாப்பிள்ளையின் தாய் அந்தோனியம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கடவுள் எப்படியோ, றெக்ஷனைப் படகில் பலமுறை கண்ட மேரிசுகந்திக்கு விருப்பம்தான்.

காலையில் படகோட்டி காற்றைப் பார்த்துவிட்டு, நெடுந்தீவிலிருந்து இரண்டு மணிக்கு வெளிக்கிடும் படகைப் பன்னிரண்டுக்கே எடுக்கப்போவதாகச் சொன்னார். அவள் அறிவித்தாள்.

'டிக்.' சற்றுப் பொறுத்து இன்னொரு 'டிக்.'

இரண்டு. நெடுந்தீவு கேட்டாயிற்று. நயினாதீவைக் காணோம். வெள்ளிக்கிழமை, அரியநாயகம் கோயிலில் நிற்பார். நேரம் மாறியதும் அவருடைய துறைப் படகுக்கல்ல.

ஒரு மணிக்குப் படகு வந்தது. இரண்டு ஆடுகளும் அவற்றின் சொந்தக்காரரும் இறங்கினார்கள்.

பட்டுச்சேலையோடு நின்றவள் செற்றை எடுத்தாள். "நெடுந்தீவு! காலமை ரெண்டுதரம் அமத்தினீங்கள்தானே?"

"நான் ஒண்டும் அமத்தேல்லை," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "செற்றை நிப்பாட்டிப்போட்டு மீன் வாங்கப் போனனான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இப்பதான் வெளிக்கிட்டு வந்து நிக்கினம். படகைக் காணேல்லை."

நயினாதீவு குறுக்கிட்டது. "வணக்கம். அமத்தினது நான். ஒருக்கால் அமத்திப்போட்டு விட்டால், முகத்திலை கதவைச் சாத்தின மாதிரிக் கிடந்துது. அதாலை வணக்கத்துக்கும் ஒண்டு அமத்தினனான்."

நெடுந்தீவில் செற் கைமாறியது. "நேரத்தை மாத்தின பிள்ளை ஆர்?" அந்தோனியம்மாவின் குரல்.

"நான்தான், மாமி."

"மாமியோ? அது இன்னும் முடிவாகேல்லை."

மூன்று துறையும் கேட்டுக்கொண்டிருந்தன.

"பிழை என்ரை முறையிலைதான்," என்றாள் மேரிசுகந்தி. "இனி அமத்தல் இல்லை. ஊரையும் நேரத்தையும் சொன்னால் போதும். மேலதிகமா ஒண்டும் வேண்டாம்." உடனே அறிவித்தாள். "நாளைக்கு நெடுந்தீவுப் படகு காலமை ஏழு மணி."

நெடுந்தீவு செற்றின் பின்னணியில் அந்தோனியம்மா யாருக்கோ சொல்வது கேட்டது: "அப்ப இந்தமுறை மறிச்சது கடவுள் இல்லை, அரியநாயகம்தான்."

பிறகு ஓர் இளம் ஆண்குரல்: "நெடுந்தீவு. ஏழு."

"அம்மாவும் வாறா எண்டு சொல்லடா."

"மேலதிகமா ஒண்டும் வேண்டாமாம், அம்மா."

"நயினாதீவு. ஏழு," என்றார் அரியநாயகம். சற்றுப் பொறுத்து, "வணக்கம்."