அழாத சாட்சி

வக்கீலம்மாவுக்குப் பழைய சூடு ஒன்று உண்டு. முன்பு ஒரு வழக்கில் அவருடைய சாட்சி கூண்டில் ஏறியதுமே ஓவென்று அழுதுவிட்டாள். உணர்ச்சிவசப்பட்டு மிகைப்படுத்துகிறாள் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனது இன்னும் அவர் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் இந்த முறை உஷாராக இருந்தார்.

குளிர்பானத் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவள் இந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்த பெண். கர்ப்பமாக இருக்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்ன மறுநாளே அவளைப் பெட்டி தூக்கப் போட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் தாமாகவே வேலையை விட்டு ஓடுவதற்கு அந்தக் கம்பெனி கண்டுபிடித்த வழி அது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவள் வீட்டு நிலைமைக்கு ஓட முடியவில்லை. தூக்கினாள். வயிற்றிலிருந்த குழந்தை போய்விட்டது. "கர்ப்பம் என்று எங்களிடம் சொல்லவே இல்லை" என்று கம்பெனி கூசாமல் சாதித்தது. சொன்னாள் என்பதற்கு அவள் வாயை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அந்த வாயைத்தான் வக்கீலம்மா பழக்கினார். மின்விசிறி கடகடக்கும் ஆபீஸ் அறையில் அவளை எதிரே உட்காரவைத்து, "மறுபடியும் முதல்லேருந்து சொல்லு. கண்ணுல தண்ணி வரக் கூடாது" என்பார். வந்தால், அழவைத்த இடத்தை வெட்டிவிட்டு மேலே போவார். போகப்போக அவள் மடமடவென்று சொன்னாள். தைரியம் வந்துவிட்டது என்று வக்கீலம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தனை வருஷ அனுபவமும் அப்போது எங்கே புல் மேயப் போயிருந்ததோ!

கோர்ட்டில் அவளைக் குறுக்கு விசாரணை செய்த கம்பெனியின் சீனியர் வக்கீல் அதட்டவே இல்லை. பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லும்மா."

சொன்னாள்.

"இன்னொரு தரம்?"

சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை. மூச்சு விட்ட இடம்கூட மாறவில்லை.

"சரி, பெட்டி தூக்கப் போனதுலேருந்து மட்டும் சொல்லு."

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தாள். நீதிபதி பேனாவை மூடிவைத்தார்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார் சீனியர் வக்கீல்.

"யாரும் இல்ல சார். அழக் கூடாதுன்னு மட்டும்தான் மேடம் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, சரியாகத்தானே சொன்னேன் என்பதுபோல் வக்கீலம்மாவைப் பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் அவள் கேட்டாள். "ஒண்ணுகூட விடலையே மேடம். ஜட்ஜ் ஏன் எழுதறதை நிறுத்திட்டாரு?"

வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஒவ்வொரு பெட்டி தூக்கறப்பவும் வயித்தைத் தடவி, இது ஒண்ணுதான் கண்ணு, இது ஒண்ணுதான்னு பொய் சொல்லிச் சொல்லியே தூக்கினேன் மேடம்."

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடிப்பாவி, இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாளே சொன்னேனே மேடம். அழுகை வருதுன்னு நீங்கதான் அந்த இடத்தை எடுத்துட்டீங்க."