டோமக்கின் வயிற்றுக்குள் மூன்று பேர்

திலிஸ் ப்ராஸர் கேட்டது ஒரே ஒரு வரி. வாரா வாரம் 'ஏழாம் சுற்று' தொடர் முடிந்ததும் தொலைக்காட்சித் திரையில் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிப் போகுமே, அதில் தன் பெயரும் ஏற வேண்டும். பதினோரு வருடம் டோமக்குக்குள் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவள் கேட்கக் கூடாத வரமா இது?

டோமக்கைப் பிரிட்டனில் பால்குடி மறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வேற்றுக் கிரகத்து இரும்பு ஜந்து. சனிக்கிழமை சாயங்காலம் அது திரைக்குள் உருண்டு வந்தால் வீட்டுக்கு வீடு பேச்சு அடங்கிவிடும். உண்மையில் அதில் இரும்பு என்று சொல்ல நாலு சக்கரமும் கொஞ்சம் ஆணியும்தான் உண்டு. மற்றதெல்லாம் ஒட்டுப்பலகை. உள்ளே உட்கார ஒரு கட்டை, அதன்மேல் ஓர் ஆள். காலால் தரையை உந்தி வண்டியை நகர்த்த வேண்டும், ஒரு கையால் கொடுக்கை ஆட்ட வேண்டும், மறு கையால் நெற்றி விளக்கை மின்ன வைக்க வேண்டும். குரல் மட்டும் வேறொருவருடையது. மூலையில் மைக் முன்னால் நின்று கரகரத்துவிட்டுப் போகும் அந்த மனிதருக்குத் திரையில் பெயர் உண்டு. அவர் பேசும் ஒவ்வொரு அசைக்கும் விளக்கு மின்னுவதற்காக வசனம் முழுவதையும் நெட்டுருப் போட்ட திலிஸுக்குக் கிடையாது. மற்ற இரண்டு டோமக்குகளுக்குள் இருந்த சிட்னி போகாக்குக்கும் கத்பர்ட் ஏம்ஸுக்கும் கிடையாது.

போதாக்குறைக்கு, வெளியே மூச்சுவிட மாட்டோம் என்று மூவரிடமும் கையெழுத்து வேறு வாங்கி வைத்திருந்தார்கள். கத்பர்ட் பாவம், சட்டத்துக்குப் பயந்த மனிதர். தன் தெருவில் எல்லோரிடமும் கிடங்குக் காவலாளி என்று சொல்லி வைத்திருந்தார். பெற்ற மகனுக்கும் அதே கதைதான்.

தொடருக்குப் பன்னிரண்டாம் வருடம் அது, 1974. சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டத்தால் நிலக்கரி இல்லை, தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். திலிஸின் அண்ணன்கள் இரண்டு பேரும் வேல்ஸில் சுரங்க வாசலில் மறியலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களே நிற்கும்போது நமக்கென்ன என்ற தைரியத்தில்தான் அவள் பிப்ரவரியில் ஒரு நாள் புதுத் தயாரிப்பாளர் ரூபர்ட் ஹெஸ்கெத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

ஹெஸ்கெத் நயமாகப் பேசுகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, பிஸ்கட் தட்டை நீட்டி, முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க திலிஸ். டோமக்குக்குள்ள ஒரு பொம்பளை இருக்காங்கன்னு தெரிஞ்சா பயம் போயிடாதா?"

"என் தங்கச்சி மகளுக்கு நாலு வயசுலயே தெரியும் சார். தெரிஞ்சும் தலையணையில மூஞ்சியப் புதைச்சுக்கறா. ராஜா வேஷம் போட்டவர் பேரைப் போடறீங்க. அதைப் பார்த்துட்டு, 'அட, இவன் நெஜ ராஜா இல்லையா'ன்னு யாராச்சும் எழுந்து போயிட்டாங்களா?"

"அவர் நடிக்கறார். நீங்க..." ஹெஸ்கெத் வார்த்தை தேடினார். "நீங்க தள்ளறீங்க."

தள்ளுகிறாளாம். தோற்றுப்போன டோமக் திரும்பிப் போகும்போது வேகத்தைக் குறைத்து, கொடுக்கைக் கொஞ்சம் தொங்கவிட்டு, ஒரு மரப்பெட்டிக்கு மானம் ரோஷம் எல்லாம் வரவைத்தது யார்? பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஹெஸ்கெத் சும்மா இருக்கவில்லை. ஒரே மாதத்தில், ஆளே இல்லாமல் ரேடியோ அலையில் ஓடும் புது டோமக் ஒன்றைச் செய்ய வைத்துவிட்டார். மார்ச் படப்பிடிப்பில் திலிஸின் இடம் அதற்குப் போனது. அவளை ஓரமாக உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள், ஒரு அவசரத்துக்கு.

அவசரம் அன்றைக்கே நாலு மணிக்கு வந்தது. தெருக்கோடியில் இருந்த டாக்சி ஆபீஸும் அதே அலையில்தான் பேசிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்கோ ஒரு பாட்டியம்மாள் ரயிலடிக்கு டாக்சி கேட்டால், இங்கே டோமக் விசுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. பட்டினத்து ஜனமெல்லாம் அன்றைக்கென்று வெளியூர் கிளம்பியதோ என்னவோ, அரை மணி நேரத்தில் அது சக்கரவர்த்தியின் சிம்மாசனத்தைச் சாய்த்து, காகிதப் பாறை இரண்டைக் கிழித்து, கதாநாயகியின் கவுனைக் கவ்விக்கொண்டு கேமராவை நோக்கிக் கிளம்பிவிட்டது. விளக்குக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நாலே முக்கால். அந்த ஸ்டூடியோவில் ஆறு அடித்தால் விளக்கு அணைந்துவிடும். யார் கெஞ்சினாலும் எரியாது. அது தொழிற்சங்கம் போட்ட சட்டம். எடுக்க வேண்டிய காட்சியோ இன்னும் பதினேழு நிமிடம் பாக்கி இருந்தது.

ஹெஸ்கெத் மேலிருந்த கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"பழைய டோமக்குல ஏறிக்கோங்க திலிஸ். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"பதினோரு வருஷமா எல்லாரும் அப்புறம்தான் சார் சொன்னாங்க. பேரை எழுதுங்க. கண்ணால பார்த்துட்டு ஏறறேன்."

"இது மிரட்டல்."

"ஆமா சார்."

ஸ்டூடியோவில் அறுபது பேர் இருந்தார்கள். ஹெஸ்கெத் குரலைத் தாழ்த்தினார். "சரி. உங்க பேர் மட்டும். அவங்க ரெண்டு பேரும் கேட்கவே இல்லையே."

கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு கணம், ஒரே கணம், வாயை மூடிக்கொண்டு ஏறிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. சிட்னியும் கத்பர்டும் தங்கள் டோமக்குகளுக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆதரவாக ஒரு வார்த்தை வந்ததா? இல்லை. ஆனாலும் அந்த வெக்கை அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டையில் உட்கார்ந்தால் தொடை மரத்துப்போவதும் தெரியும்.

"மூணு பேரும்தான். இல்லைன்னா ஒண்ணும் வேணாம்."

"கேட்காதவங்களுக்கு எதுக்குங்க?"

டொக்கென்று ஒரு மூடி திறந்தது. இடப்பக்க டோமக்கின் தலை சாய்ந்து உள்ளேயிருந்து சிட்னியின் செம்பட்டைத் தலை வெளியே வந்தது. "இப்ப கேட்கறேன் தலைவரே. காது நல்லா கேட்குதில்ல?" என்று சொல்லிக் காலைத் தூக்கி வெளியே வைத்தான்.

மூன்றாவது டோமக்கின் மூடி அசையவில்லை. எல்லோரும் அதையே பார்த்தார்கள். உள்ளே தாழ்ப்பாளைத் தடவும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு மூடி மெல்ல உயர்ந்தது. கத்பர்ட் ஏம்ஸ், வழுக்கைத் தலையெல்லாம் வியர்வை, எவர் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்து திலிஸின் பக்கத்தில் நின்றார். திலிஸ் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"யூனாவைக் கூப்பிடுங்க," என்றார் ஹெஸ்கெத்.

பெயர்களை எழுதுகிறவள் யூனா. நீளமான கறுப்புக் காகிதச் சுருளில் வெள்ளை மையால் எழுதி, மரப்பெட்டியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவாள். கேமரா அதைப் படம் பிடிக்கும். திரையில் ஏறும் பெயர்கள் அவ்வளவுதான். யூனா சுருளைத் தரையில் விரித்து மண்டியிட்டாள்.

"உடுப்புக்காரங்களுக்குக் கீழ பொடி எழுத்துல நுழைச்சிடும்மா," என்றார் ஹெஸ்கெத்.

"அங்க வேணாம்," என்றாள் திலிஸ். "அது நடுவுல. நேரம் பத்தலைன்னு முதல்ல அதைத்தான் வெட்டுவீங்க. யாரோட பேரை என்னிக்கும் வெட்ட மாட்டீங்க, சொல்லுங்க?"

யூனா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுருளின் கடைசியைச் சுட்டினாள். தயாரிப்பாளர் பெயர் தனித்துக் கம்பீரமாக நிற்க வேண்டும் என்று அவரே உத்தரவு போட்டதால், அதற்கு மேலே ஒரு முழம் வெறுமையாகக் கிடந்தது. "இங்கதான் தாராளமா எடம் இருக்கு சார்."

மணி ஐந்து அடித்தது. ஹெஸ்கெத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எழுது."

யூனா எழுதினாள். மூன்று பெயர்களும் ஈரமாகப் பளபளத்தன. திலிஸ் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். பிறகுதான் ஏறினாள். அன்று டோமக்குகள் மூன்றும் ஓடின ஓட்டம் அந்தத் தொடரில் அதுவரை யாரும் பார்க்காதது. ஆறு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது கடைசிக் காட்சி முடிந்தது, பெயர்ச்சுருளும் பதிவானது.

சனிக்கிழமை சாயங்காலம் திலிஸின் வீட்டில் மூவரும் கூடினார்கள். சிட்னி பீர் கொண்டுவந்தான். கத்பர்ட் தன் மனைவியையும் மகனையும் கூட்டி வந்து, ஏன் என்று சொல்லாமல் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். மனைவி குழப்பத்தோடு கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். மகன், கலியாண வயசுக்காரன், திரையை அலட்சியமாகப் பார்த்தான். இசை கிளம்பியது. பெயர்கள் ஏறின. நடிகர்கள், குரல், உடுப்பு, ஒளி, இயக்கம். அப்புறம் "டோமக்குகள்" என்று ஒரு வரி, அதன் கீழே மூன்று பெயர்கள். பிறகு ஹெஸ்கெத்.

"ரெண்டே செகண்ட்," என்றான் சிட்னி. "கொட்டாவி விட்டிருந்தா போயிருக்கும்."

கத்பர்டின் மனைவி கணவரைப் புதிதாகப் பார்ப்பவள் போல் பார்த்தாள். "கிடங்கு?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தொலைபேசி மணி அடித்தது. திலிஸ் எடுத்தாள்.

"டோமக் ஆளுங்களா?" இளம்பெண் குரல். "ஹெஸ்கெத் சார் ஆபீஸ்ல இருந்து பேசறேன். அடுத்த வாரத்துல இருந்து அந்தப் பேருங்க வராதாம், சுருளை மாத்தி எழுதறாங்க. வியாழக்கிழமை எப்பவும்போல ஒன்பது மணிக்கு வந்துடணுமாம். இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடணுமாம், வேற ஆள் பார்ப்பாங்களாம்."

திலிஸ் அதை மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னாள். சிட்னி பீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எழுதிக்கோம்மா," என்றாள் திலிஸ். "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வருவோம். வாசல்ல நிப்போம். பேர் திரும்பச் சுருள்ல ஏறற வரைக்கும் ஒருத்தரும் உள்ள ஏற மாட்டோம்."

எதிர்முனையில் பென்சில் கீறும் சத்தம். "யாரு சொன்னதா எழுதிக்கட்டும்?"

"திலிஸ் ப்ராஸர்." ரிசீவரைச் சிட்னியிடம் நீட்டினாள்.

"சிட்னி போகாக்."

சிட்னி அதைக் கத்பர்டின் பக்கம் நீட்டினான். கத்பர்ட் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். எழுந்து வந்து ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கத்பர்ட் ஏம்ஸ்," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "நடிகன்."